இலையும் பொதியும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தில் வீட்டுத் தலைச்சாயம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுத முற்படுவோர் துறைமுகத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியமை, 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியமை, 1782 இற் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் அதன்பொருட்டுப் பொருதியமை, 1795 முதல் அது பிரித்தானியர் வசமானமை, 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் தாக்கியமை, 1957 இற் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டமை என்பன அவ்வரலாற்றின் நன்கறியப்பட்ட படிகள். இவற்றையெல்லாம் மறுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும், துறைமுகங்களை இயக்கிய உலக வணிகம் மக்களது அடுப்படிக்குள்ளும் கிணற்றடிக்குள்ளும் எவ்வாறு புகுந்தது என்ற வினா இவ்வரலாறுகளிற் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

அவ்வினாவை ஒரு சிறு பொருளைக் கொண்டு எழுப்புவதே எமது நோக்கமாகும். நரைத்த மயிருக்கு வீட்டிலிருந்தவாறே புதுநிறம் ஊட்டுதல், பேச்சுவழக்கில் 'டை அடித்தல்' எனப்படுவது, இன்று இப்பிரதேசத்திற் சாதி, மத, வர்க்க வேறுபாடின்றிக் காணப்படும் ஒரு பழக்கமாகும். திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் சிறு பலசரக்குக் கடையிற்கூடச் சாயப் பொதி தொங்குவதைக் காணலாம். அற்பமானது எனத் தள்ளிவிடத்தக்க இப்பொதிக்குள் காலனித்துவத்தின் வரலாறும், இரசாயனக் கைத்தொழிலின் வரலாறும், பெண்களின் அறிவு அவர்தம் கையைவிட்டு நீங்கிய வரலாறும் அடங்கியுள்ளன என்பது எமது கருத்து.

1. நரையின் சமூகப் பொருள்

நரை என்பது உடலியல் நிகழ்ச்சி. மயிர்க்காலில் மெலனின் எனும் நிறப்பொருளை ஆக்கும் கலங்கள் குன்ற, மயிர் நிறமின்றி வளர்கின்றது. ஆயின் அந்நிகழ்ச்சிக்குச் சமூகம் அளிக்கும் பொருள் காலத்துக்குக் காலம் மாறுவது. புறநானூற்றிற் பிசிராந்தையார் தமது பாட்டில், ஆண்டுகள் பல கடந்தும் நரை தோன்றாமைக்கான காரணத்தைத் தம் உடலில் தேடவில்லை. குடும்பத்திலும் ஏவலரிடத்திலும் அரசனிடத்திலும் ஊர்ச் சான்றோரிடத்திலும் தேடுகின்றார். நரை அங்கு சமூக வாழ்வின் அளவுகோலாக நிற்கின்றது. இளமை காரணமாகத் தன் தீர்ப்பை முதியோர் ஏற்கத் தயங்கியபோது கரிகாலன் நரைமுடி அணிந்து வழக்குரைத்தான் என்னும் கதை பழமொழி நானூற்றிற் சுட்டப்படுகின்றது. நரையை மறைக்கும் இன்றைய பழக்கத்துக்கு நேர் எதிரான செயல் இது. முதுமை அதிகாரத்துக்கு வழியாயிருந்த சமுதாயத்தில் இளையோன் நரையைப் பூணுகின்றான். முதுமை வேலையின்மைக்கு வழியாயுள்ள சமுதாயத்தில் முதியோன் கருமையைப் பூசுகின்றான்.

திருகோணமலை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஆதலின் நரை பற்றிய வெவ்வேறு மரபுகளை இங்கு ஒருசேரக் காணக்கூடியதாயுள்ளது. பௌத்த மரபின் மகாதேவ ஜாதகக் கதையில், முதல் நரைமயிரைக் கண்ட அரசன் அதனைத் துறவுக்கான அழைப்பாகக் கொள்கின்றான். இஸ்லாமிய மரபில் நரையை நிறமூட்டல் விரும்பத்தக்கதாகவும், கருநிறம் தவிர்க்கத்தக்கதாகவும் நபிமொழி வழியாகப் போதிக்கப்பட்டுள்ளது. கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களில் முதியோர் சிலரது தாடி மருதோன்றியாற் செம்மை பெற்றிருப்பதன் அடிப்படை அதுவே. இந்து மரபிலோ நரையை ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கும், அதனைத் தாமதிக்கச் செய்யும் எண்ணெய்களில் நாட்டமும் ஒருங்கே காணப்படுகின்றன.

2. இலைகளின் காலம்

இலைகளின் காலத்தில் நிறமூட்டல் ஒரு வீட்டு வேலையாகவே இருந்தது. அதற்கான பொருள்கள் வேலியோரத்திலும் வெளியிலும் கிடைத்தன. மருதோன்றி, அவுரி, கையாந்தகரை, நெல்லி, கடுக்காய் என்பன அவற்றுள் முக்கியமானவை. அவுரியைச் சிங்களத்தில் 'நில் அவரிய' என வழங்குவர். இச்செடியின் அறிவு மொழியெல்லை கடந்து பரவியிருந்தமைக்கு அப்பெயர் ஒற்றுமையே சான்றாகும்.

செய்முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். மருதோன்றி இலையை அம்மியில் அரைத்து, அல்லது காய்ந்த இலைத் தூளை எடுத்து, தேயிலைச் சாயத்துடனும் தேசிக்காய்ச் சாற்றுடனும் குழைத்து இரவு முழுவதும் ஊறவிடுவர். மறுநாள் தலையிற் பூசி இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருந்து கழுவினால் நரைமயிர் செம்மஞ்சளாகும். இலையிலுள்ள லோசோன் எனும் பொருள் மயிரின் புரதமாகிய கெரட்டினுடன் பிணைவதே இதற்குக் காரணம். கருமை வேண்டுவோர் அதன்மேல் அவுரி பூசுவர். அவுரி இலையில் நீலநிறம் நேரடியாக இல்லை. நீருடன் சேர்ந்தபோது அதிலுள்ள பொருள் சிதைந்து, பின்னர் காற்றுப்பட்டு ஒட்சியேற்றமடைந்தே நீலமாகின்றது. ஆதலின் அவுரித் தூளை இளஞ்சூட்டு நீரிற் குழைத்துக் கால்மணி நேரத்துக்குள் பூசிவிடவேண்டும். காலந்தாழ்த்தினால் அது பயன்படாது. செம்மையின் மேல் நீலம் படிய மயிர் கபில நிறமோ கருநிறமோ பெறும். கடுக்காயையும் நெல்லியையும் இரும்புத் தாச்சியில் ஊறவிடுவதற்கும் காரணமுண்டு. அவற்றிலுள்ள தனின் இரும்புடன் கூடிக் கரிய சேர்வையாகின்றது. மண்சட்டியிற் செய்தால் அக்கருமை தோன்றாது.

எழுத்தறிவற்ற பாட்டியார் ஒருவர் 'தாச்சியிலே ஊறப்போடு' என்றும் 'அவுரியைக் குழைத்தால் நிற்கவிடாதே' என்றும் கூறியபோது, அவர் இரசாயன விதியொன்றையே தம் அனுபவ மொழியில் உரைத்தார். எதனால் எது நிகழும், எவ்வளவு நேரம், எவருக்கு ஒவ்வாது என்பனவெல்லாம் செய்பவரின் கையிலேயே இருந்தன. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூலாகிய பரராசசேகரத்திற் சிரரோக நிதானம் ஒரு தனிப்பகுதியாக அமைந்துள்ளமை, தலையும் மயிரும் ஈழத்துத் தமிழ் மருத்துவ மரபில் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். ஏட்டு மரபு வைத்தியரிடத்தில் நின்றது. வீட்டு மரபு பெண்களிடத்தில் நின்றது. முன்னையது அச்சேறியது. பின்னையதைப் பதிவுசெய்தோர் மிகச் சிலரே.

3. காய்ச்சலும் நிலக்கரியும்

இலையிடத்தைப் பொதி பிடித்த வரலாறு திருகோணமலை போன்ற துறைமுகங்களின் ஒரு துன்பத்துடன் தொடர்புற்றது. வெப்பவலய நாடுகளைக் கைப்பற்றிய ஐரோப்பியப் படைகளைப் போரினும் மிகுதியாகக் கொன்றது காய்ச்சல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உடலுக்கு ஒவ்வாத நிலையம் எனத் திருகோணமலைப் படைத்தளம் பெயரெடுத்திருந்தது. மலேரியாவுக்கு அக்காலத்து மருந்து கொயினா. அது தென்னமெரிக்க மரப்பட்டையிலிருந்து பெறப்பட்டமையால் அரியதாகவும் விலைகூடியதாகவும் இருந்தது. பேரரசைக் கட்டிக்காக்கக் கொயினா வேண்டும். ஆகவே அதனைச் செயற்கையாக ஆக்கும் முயற்சிக்கு ஊக்கம் பிறந்தது.

1856 இல் இலண்டனில் வில்லியம் பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், தமது ஆசிரியர் ஹொஃப்மனின் கருத்தொன்றைப் பின்பற்றி, விடுமுறையில் வீட்டு ஆய்வறையிற் கொயினாவை ஆக்க முயன்றார். கொயினா கிடைக்கவில்லை, ஊதாச் சாயம் ஒன்று கிடைத்தது. நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற அனிலினை ஒட்சியேற்றியதன் விளைவு அது. வெளிச்சத்துக்கான வாயுவை நிலக்கரியிலிருந்து ஆக்கியபோது கழிவாக எஞ்சிய தார், அன்றிலிருந்து சாயக் கைத்தொழிலின் மூலப்பொருளாயிற்று. நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றும் நிலையமாகத் திருகோணமலை விளங்கிய காலமும் அதே நூற்றாண்டே. கப்பலை உந்திய கரியும் துணிக்கு நிறமளித்த கரியும் ஒரே கைத்தொழிற் புரட்சியின் இரு கைகள்.

இதன் அடுத்த படி எமது பொருளுக்கு நேரானது. 1863 இல் ஹொஃப்மன் பரா-பெனிலீன்டையமின் எனும் சேர்வையை விவரித்தார். நிறமற்ற இப்பொருள் ஐதரசன் பேரொட்சைட்டுடன் கலந்தவிடத்துக் கருநிறமாக மாறுவது. 1883 இற் பரிசில் இதனை மயிருக்குச் சாயமாகப் பயன்படுத்துவதற்கு உரிமம் பெறப்பட்டது. 1907 இல் இயூஜீன் சூலர் எனும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் தலைச்சாயமொன்றை ஆக்கி, 1909 இற் கம்பனியொன்றை நிறுவினார். பின்னாளில் லொரியால் என உலகெங்கும் அறியப்பட்ட அக்கம்பனியின் முதற்பெயரிலேயே 'தீங்கற்ற' என்னும் சொல் இடம்பெற்றிருந்தமை கவனிக்கத்தக்கது. தீங்கு பற்றிய அச்சம் அக்காலத்திலேயே பரவலாக இருந்தாலன்றி அவ்வாறு பெயரிட வேண்டிய தேவை எழுந்திராது.

இதே கைத்தொழில் இலைச் சாயத்தின் பொருளாதாரத்தையும் தகர்த்தது. 1897 இல் ஜேர்மனியக் கம்பனியொன்று செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர, இந்திய அவுரிச் செய்கை சில ஆண்டுகளில் வீழ்ந்தது. அவுரித் தோட்டங்களின் பெயரால் வங்காள விவசாயிகள் பட்ட கொடுமையையும், 1859 இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தமையையும் அறிந்தோர் அச்செய்கையின் வீழ்ச்சிக்காகக் கண்ணீர் வடிக்கமாட்டார்கள். ஆயினும் சுரண்டலுடன் சேர்ந்து செடிபற்றிய அறிவும் வீழ்ந்தது என்பதை மறத்தலாகாது.

4. பொதியின் வருகை

இப்பொதி திருகோணமலைக் கடையில் வந்து தொங்குவதற்கு மேலும் சில காரணிகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. 1977 இல் தொடங்கிய திறந்த பொருளாதாரக் கொள்கை நுகர்பொருள்களுக்கு வாயில் திறந்தது. அதே காலப்பகுதியில் மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லுதலும் பெருகியது; மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பணிப்பெண்களாகச் சென்றோர் பலர். உழைப்பை விற்கச் செல்பவருக்கு வயது ஒரு தடை. நரை அத்தடையின் கண்ணுக்குப் புலனாகும் அடையாளம். தலைச்சாயத்தைத் தனிமனித ஆடம்பரம் என எள்ளி நகையாடுவோர், வேலை கேட்டு நிற்பவரின் தலைமயிரை முதலில் நோக்கும் கண் யாருடையது எனவும் வினவுதல் வேண்டும்.

இலைத் தயாரிப்புக்கு ஒரு நாள் வேண்டும். பொதிக்கு அரைமணி போதும். வயலிலும் வாடியிலும் வேலைசெய்து வீட்டு வேலையையும் சுமக்கும் பெண்ணுக்கு அவ்வேறுபாடு பெரிது. பொதியின் வெற்றிக்கு விளம்பரத்துக்கு அடுத்தபடியாக இவ்வோய்வின்மையும் காரணமாகும். இன்று இலையுமே பொதியாகிவிட்டது. இராஜஸ்தானின் சோஜத் வட்டாரத்து மருதோன்றியும், தமிழ்நாட்டின் திண்டிவனம் வட்டாரத்து அவுரியும் தூளாக்கப்பட்டு உலகச் சந்தைக்குச் செல்கின்றன. எமது வேலியோரத்து இலையை நாமே விலைகொடுத்து வாங்கும் நிலை தோன்றியுள்ளது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது ஷாம்பு, வாசனைத் திரவியம், ஒப்பனைப் பொருள்கள் உட்பட ஏறத்தாழ முந்நூறு வகைப் பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. அன்றாட வாழ்வின் சிறு பொருள்கள் எத்துணை தூரம் பிறநாட்டுத் துறைமுகங்களைச் சார்ந்துள்ளன என்பதை அந்நெருக்கடி உணர்த்திற்று.

5. எச்சரிக்கைச் சீட்டு

பரா-பெனிலீன்டையமின் சிலரது தோலிற் கடும் ஒவ்வாமையை விளைவிப்பது. உச்சியில் எரிச்சல், நெற்றியிலும் இமையிலும் வீக்கம், நீர்க்கசிவு எனத் தொடங்கி மூச்சுத்திணறல்வரை அது செல்லக்கூடும். பலமுறை தீங்கின்றிப் பூசியவருக்கும் ஒருநாள் திடீரென நேரலாம். 1933 இல் ஐக்கிய அமெரிக்காவில் இப்பொருளடங்கிய இமைச்சாயத்தாற் பெண்ணொருவர் கண்பார்வையை இழந்தார். இத்தகைய நிகழ்ச்சிகளின் விளைவாக 1938 இல் அந்நாட்டில் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் பற்றிய சட்டம் நிறைவேறியது. ஆயின் அச்சட்டமே நிலக்கரித் தார்த் தலைச்சாயங்களுக்கு ஒரு விலக்கையும் அளித்தது. பொதியின்மேல் எச்சரிக்கை அச்சிட்டு, முன்கூட்டியே தோலிற் சோதிக்கும் முறையையும் கூறிவிட்டால் அவற்றை விற்கலாம் என்பது அதன் சாரம்.

இவ்விலக்கின் வரலாற்று முக்கியத்துவம் பெரிது. பாதுகாப்பு என்னும் பொறுப்பு உற்பத்தியாளரிடமிருந்து வாசிப்பவரிடம் மாற்றப்பட்டது. பாட்டியார் வாய்மொழியாகச் சொன்ன 'எவருக்கு ஒவ்வாது' என்னும் அறிவு ஒரு துண்டுச் சீட்டாயிற்று. சீட்டு வாசிப்பவர் ஒருவரை எதிர்பார்க்கின்றது. அவர் எம்மொழியினர்? 1956 இற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்ட நாட்டில், 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென ஏற்றது. ஆனால் எமது கடைகளில் விற்கப்படும் பொதிகள் பலவற்றில் எச்சரிக்கை ஆங்கிலத்திலேயே, கண்ணாடி அணிந்தும் வாசிக்க இயலாத சிற்றெழுத்தில் உள்ளது. மொழியுரிமை என்பது நீதிமன்றத்துக்கும் கச்சேரிக்கும் உரியது என்றே நாம் பேசி வந்துள்ளோம். கிணற்றடியிற் பொதியைக் கிழிக்கும் பெண்ணுக்கும் அது உயிர்ப் பிரச்சினையாகலாம்.

இதனினும் நுட்பமான தீங்கு ஒன்றுண்டு. மருதோன்றி தனித்து ஒருபோதும் கருமை தராது. 'கறுப்பு மருதோன்றி' என்னும் பெயரில் விற்கப்படுவனவற்றிற் பல அதே இரசாயனப் பொருளைக் கொண்டவை. திருமணத்திலும் பெருநாளிலும் சிறுமியின் கையில் இதனால் கோலமிடும்போது அவளது உடல் அப்பொருளுக்கு எதிராகக் கூருணர்வு பெறக்கூடும்; முப்பது ஆண்டுகளின் பின் முதல்முறை தலைச்சாயம் பூசும் நாளில் அது வெளிப்படலாம். இலையின் பெயர் இங்கு இரசாயனத்துக்குத் திரையாகின்றது. மரபின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையே சந்தையின் முதலாகிவிடுகின்றது.

6. மீட்சியா, அறிவா?

இவற்றைக் கொண்டு 'இலைக்குத் திரும்புவோம்' என முழங்குதல் எமது நோக்கமன்று. இலையும் முற்றிலும் தீங்கற்றதன்று. குருதிச் செங்கலத்திலுள்ள ஒரு நொதியம் பிறப்பிலேயே குறைவாகவுள்ள குழந்தைகளுக்கு மருதோன்றி பூசியதாற் செங்கலங்கள் சிதைந்தமை மருத்துவப் பதிவுகளிற் காணப்படுகின்றது. அக்குறைபாடு மலேரியா நெடுங்காலம் நிலவிய பிரதேசங்களில் மிகுதியாகக் காணப்படுவது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. ஆயினும் அந்நோய் மனித உடலில் விட்டுச்சென்ற தடயம் உடனே அழிவதன்று. கொயினாவைத் தேடியவர் சாயத்தைக் கண்டார். மலேரியாவின் நிலத்தில் இலைச்சாயத்துக்கும் எச்சரிக்கை வேண்டியுள்ளது. பழமை, புதுமை என்னும் இருமையில் நின்று இதனை விளங்கிக்கொள்ள இயலாது.

வேண்டப்படுவது அறிவு மீண்டும் பயன்படுத்துவோர் கைக்கு வருதல். மூன்று செயல்கள் உடனடியாகச் செய்யத்தக்கன. முதலாவது, தலைச்சாயப் பொதியின் உள்ளடக்கமும் எச்சரிக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கத்தக்க எழுத்தில் அமைதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையிற் பூசும் நிலையில் இப்பொருள் 2 சதவீதத்துக்கு மேற்படலாகாது என வரையறை உண்டு. அத்தகைய அளவு எமது பொதிகளிலும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். இரண்டாவது, முன்சோதனை என்னும் எளிய பழக்கம் பாடசாலை வழியாகவும் மாதர் சங்கங்கள் வழியாகவும் பரப்பப்பட வேண்டும். கலவையிற் சிறிதளவை முழங்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ தடவி 48 மணி நேரம் காத்திருத்தலும், அரிப்போ சிவப்போ தோன்றின் அதனைக் கைவிடுதலும், கண்ணிமையிலும் புருவத்திலும் எக்காரணங்கொண்டும் பூசாதிருத்தலும் எவருக்கும் இயலும். முன்னர் கறுப்பு மருதோன்றியாற் கொப்புளம் கண்டவர் இச்சாயத்தைத் தொடவே கூடாது.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தாராகிய எமக்குரியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. இம்மாவட்டத்தின் மூன்று சமூகங்களிலும் முதிய பெண்களிடம் எஞ்சியுள்ள இலைச்சாய அறிவைக் கேட்டுப் பதிவுசெய்து, இரசாயனவியலாளரின் சோதனைக்கு உட்படுத்தி, கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளும் பணி அங்கு நிகழலாம். போரும் இடப்பெயர்வும் 2004 இன் ஆழிப்பேரலையும் இப்பிரதேசத்து வேலிகளை மட்டுமன்றி அவ்வேலியோரத்துச் செடிகளை அறிந்தோரையும் கொண்டுபோயின. எஞ்சியோரும் நீண்டகாலம் காத்திருக்கமாட்டார்கள்.

சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டமைக்கு அவை சின்னம். தலைச்சாயத்தின் மூலப்பொருளும் அவ்வாறே கரித்தாரிலிருந்து பெற்றோலியத்துக்கு மாறியது. பேரரசுகள் வந்து போன இத்துறைமுகத்தை மக்கள் தாங்கிகளைக் கொண்டும் கோட்டையைக் கொண்டும் நினைவுகூர்கின்றனர். ஒரு பெண் தன் தலையிற் பூசுவது யாதென அறிந்து பூசும் நாளும் இப்பிரதேசத்தின் விடுதலை வரலாற்றிற் குறித்துவைக்கத்தக்க ஒரு நாளே என நாம் கருதுகின்றோம்.